பட்டம் கொடுத்தால் போதுமா?

பட்டதாரிகளுக்கு வேலை இல்லை என்று ஒரு புறத்தில் முறைப்பாடு. வேலைக்குத் தக்க பட்டதாரிகள் இல்லை என்று மறு புறத்தில் முறைப்பாடு. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், இரண்டும் உரத்த குரலில் ஒலிக்கின்றன. முன்னதைச் சொல்வோர் வீதியில் நிற்கும் இளைஞர். பின்னதைச் சொல்வோர் கந்தோர்களிலும் கம்பனிகளிலும் அமர்ந்திருப்போர். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று வழி காண வேண்டிய கடமை பல்கலைக் கழகங்களுக்கும் அரசாங்கத்துக்கும் உரியது. அவை இதுகாறும் கண்ட வழி, மாணவர்க்கு வேலைத்திறன் போதாது, ஆகவே அதனைக் கற்பிப்போம் என்பதாகும்.

இந்த முடிவைக் கொத்மலையின் மலைச்சரிவில் நின்று சீர்தூக்கிப் பார்க்க விரும்புகிறோம். பூண்டுலோயாவிலும் இறம்பொடையிலும் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகளும், கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் பயிரிடும் கமக்காரரின் பிள்ளைகளும் இன்று உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திப் பல்கலைக் கழக வாயிலை அடைகின்றனர். அவர்களுடைய தொகை சிறிது. ஆயினும் அவர்கள் ஏறி வந்த மேடு பெரிது. வேலைத்திறன் பற்றிய பேச்சு வேறு எவரைக் காட்டிலும் இப்பிள்ளைகளுக்கே பொருந்துவது. ஆனால், அது பொருந்துவதற்கான காரணம் பேசுவோர் வழக்கமாகச் சொல்லும் காரணம் அன்று.

முதலில், வேலைத்திறன் என்பது யாது? ஒரு விடயத்தை அரைப் பக்கத்தில் தெளிவாக எழுதுதல். அறிமுகமில்லாதார் நடுவே அஞ்சாது பேசுதல். கூட்டமொன்றின் முடிவுகளைக் குறித்துக் கொள்ளுதல். வரவு செலவுக் கணக்கைப் படித்துப் பொருள் காணுதல். கணினியைக் கையாளுதல். பலரோடு சேர்ந்து ஒரு காரியத்தைக் குறித்த நாளில் முடித்தல். நேர்முகப் பரீட்சையில் தன் தகுதியைத் தானே எடுத்துரைத்தல். தாய்மொழிக்கு அப்பால் இன்னும் ஒரு மொழியிலோ இரு மொழிகளிலோ அலுவல் பார்த்தல். இவ்வளவுதான். இவற்றுள் ஒன்றேனும் மேதைமை அன்று; அனைத்தும் பழக்கம்.

பழக்கம் எங்கிருந்து வருகிறது? கொழும்பிலோ கண்டியிலோ உத்தியோகத்தர் வீட்டிற் பிறந்த பிள்ளை இவற்றைப் பாடமாகப் படிப்பதில்லை. சோற்றோடு சேர்த்து உண்டு வளர்கிறது. தந்தை கடிதம் எழுதுவதைப் பார்க்கிறது. வீட்டுக்கு வருவோர் ஆங்கிலத்தில் உரையாடுவதைக் கேட்கிறது. வங்கியில் ஒரு மாமன், திணைக்களத்தில் ஒரு சித்தப்பா. விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்கவும், எந்த இடத்துக்கு எப்போது ஆள் எடுப்பார்கள் என்று சொல்லவும் உறவினர் உளர். இது ஒரு முதுசம். காணிக்கும் வீட்டுக்கும் உறுதி எழுதுகிறோம். இந்த முதுசத்துக்கு உறுதி இல்லை, முத்திரை வரியும் இல்லை. எனினும் காணியிலும் வீட்டிலும் பெறுமதியானது இதுவே. லயத்திற் பிறந்த பிள்ளைக்கு இம்முதுசம் இல்லை.

ஏன் இல்லை? பெற்றாரின் சோம்பலாலா? அறிவுக் குறைவாலா? சட்டத்தால் என்பதே உண்மை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை அந்தரத்தில் நின்றது. நாடற்றோர் பிரச்சினைக்கு முடிவு காணும் 35ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது 2003இல். பிரசாவுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. உத்தியோகம் இல்லாத வீட்டில், கந்தோரின் நடைமுறை அறிந்த தந்தையும் இல்லை, மாமனும் இல்லை. அரை நூற்றாண்டுக் காலம் ஒரு சமுதாயத்தைக் கந்தோர் வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, அதன் பிள்ளையைப் பார்த்து உனக்குக் கந்தோர்ப் பழக்கம் போதாது என்று சொல்வது என்ன நியாயம்?

கல்வியின் கதையும் அதுவே. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். 1952இல் இலங்கைப் பல்கலைக் கழகம் பேராதனைக்குப் பெயர்ந்து வந்தது. மலைநாட்டுப் புகையிரதம் அதன் அயலாற் செல்கிறது. தேயிலைப் பெட்டிகள் அவ்வழியே நாள்தோறும் இறங்கின. தேயிலை பறித்தவரின் பிள்ளைகள் ஓரளவு தொகையினராய் அவ்வழியே இறங்கிப் படிக்கச் செல்வதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன. பின்னர் திறந்த கதவும் பெரும்பாலும் ஆசிரியத் தொழில் என்னும் ஒரே கதவு. பத்தனையில் ஜெர்மன் நாட்டு உதவியுடன் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் அதனைப் போன்ற முயற்சிகளும் எமது சமுதாயத்துக்கு ஓர் ஆசிரியர் பரம்பரையைத் தந்தன. அதற்கு நாம் நன்றியுடையோம். ஆனால் ஒரு சமுதாயம் முழுவதும் ஒரே கதவால் வெளியேற இயலுமா?

எனவே எமது வழக்கு இது: உள்ளவன் வீட்டில் முதுசமாய்ப் பெறுவதை இல்லாதவனுக்குக் கல்விக்கூடம் உரிமையாய்க் கொடுக்க வேண்டும். வேலைத்திறன் கற்பித்தல் கம்பனிகளுக்குச் செய்யும் சேவகமும் அன்று. ஏழைப் பிள்ளைக்குப் போடும் பிச்சையும் அன்று. இலவசக் கல்வி என்ற வாக்குறுதியின் எஞ்சிய பாதி அது. நுவரெலியா மாவட்டம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டு, பல்கலைக் கழக அனுமதியில் அதற்கெனச் சிறு ஒதுக்கீடும் உண்டு. வாயில்வரை கைபிடித்து அழைத்து வரும் சட்டம், வாயிலுக்கு உள்ளே கையை விட்டுவிடுகிறது. மூன்று, நான்கு ஆண்டு கழித்து வெளி வாயிலில் அப்பிள்ளை மறுபடியும் தனியே நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வேலைத்திறன் என்ற சொல்லுக்குள் ஒரு சூது ஒளிந்திருக்கக் கூடும். வேலையை உண்டாக்காத பொருளாதாரம், வேலையற்றவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, உனக்குத் திறன் இல்லை என்று தீர்ப்புக் கூறிவிடலாம். திறன் கற்றவன் ஒருவன் இருக்கும் வேலையைப் பெறுவான். இல்லாத வேலையை எவனும் பெற முடியாது. 1971 ஏப்ரல் கிளர்ச்சி நடந்த அதே ஆண்டில், சர்வதேசத் தொழில் தாபனத்தின் சார்பில் டட்லி சியர்ஸ் என்ற பொருளியலறிஞரின் தலைமையில் ஆராய்ந்த குழு, நாட்டின் வேலைப் பஞ்சத்தையும், படித்தோர் நாடும் வேலைக்கும் நாட்டில் உள்ள வேலைக்கும் இடையேயுள்ள பொருத்தமின்மையையும் ஒருங்கே எடுத்துக் காட்டியது. பின்னையதை மட்டும் பேசி முன்னையதை மறைப்போர் பாதி உண்மையை முழு உண்மையென விற்பவர்.

அக்காலத்திலேயே நாம் கற்றிருக்க வேண்டிய இன்னொரு பாடமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில் சார்ந்த பாடங்களைப் பாடசாலைக்குட் கொண்டு வந்தது. 1977இல் ஆட்சி மாறிய பின் அவை கைவிடப்பட்டன. காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது எனக் கருதுவது ஒன்றுண்டு: கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டி, நகரத்துப் பிள்ளைக்குப் புத்தகம் என்று பங்கு பிரிக்கிறார்களோ என்ற ஐயம் பெற்றார் மனத்தில் எழுந்தமை. அந்த ஐயம் மலையகத்தில் மும்மடங்கு. பிரட்டுக் களத்தில் பெயர் கொடுப்பதற்கு வேண்டிய அளவு எழுத்தே போதும் என்று எமது பாட்டன்மாருக்கு அளந்து கொடுத்தார்கள். இன்று பட்டத்துக்குப் பதிலாகப் பயிற்சிச் சான்றிதழ் போதும் என்று எவரேனும் அளந்து கொடுக்க வந்தால், அளவுகோல் மாறவில்லை என்றே கொள்ளுவோம். தொழிற்பயிற்சி நிலையங்கள் வேண்டும். அட்டனில் உள்ளது போல் இன்னும் பல வேண்டும். ஆனால் அவை பல்கலைக் கழகத்தோடு கூடுதலாக வேண்டும். பல்கலைக் கழகத்துக்கு ஈடாக அன்று.

பல்கலைக் கழகம் அறிவுக் கோயில், அங்கே பிழைப்புக்கு வழி சொல்லலாமா என்று கேட்கும் பேராசிரியர்களும் உளர். அவர்களுக்கு மறுமொழி மிக அண்மையிலேயே இருக்கிறது. மருத்துவ மாணவன் பட்டம் பெற்ற பின் ஓராண்டு வைத்தியசாலையிற் பயிற்சி பெற்ற பிறகே தனியே மருந்தெழுதுகிறான். சட்டக் கல்லூரி மாணவன் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் பயிலுநனாய் இருந்த பிறகே மன்றேறுகிறான். பொறியியல் மாணவன் தொழிற்சாலைக்கும் வேலைத்தளத்துக்கும் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறான். இவற்றால் மருத்துவமும் சட்டமும் பொறியியலும் தரம் தாழ்ந்தனவா? கலைப்பீட மாணவன் மட்டும் ஒரு நாளேனும் ஒரு கந்தோரின் உள்ளே இருந்து பாராமல் வெளியே தள்ளப்படுகிறான். கலைப்பீடத்திலேதான் கிராமத்துப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் நிறைந்திருக்கிறார்கள். எவருக்குப் பயிற்சி மிகுதியாக வேண்டுமோ அவருக்கே அது இல்லை. இதனை நாம் தற்செயல் என்று ஏற்பதற்கில்லை.

முயற்சிகள் நடைபெறவில்லை என்று சொல்லோம். உலக வங்கியின் உதவியோடு 2003இல் ஒரு திட்டமும், 2010இல் மற்றொன்றும், 2017இல் இன்னொன்றும் தொடங்கின. பட்டப் படிப்பின் தரத்தையும் பயன்பாட்டையும் உயர்த்துவது அவற்றின் நோக்கம்; ஆங்கிலமும் கணினியும் வேலைத்திறனும் அவற்றின் கீழ் வளர்க்கப்பட்டன. பல்கலைக் கழகங்களில் தொழில் வழிகாட்டல் அலகுகள் இயங்குகின்றன. 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக் கழகம், தேயிலைத் தொழினுட்பத்தையும் பெறுமதி சேர்த்தலையும் பட்டப் பாடமாகவே வைத்தது. தேயிலை விளையும் மண்ணில் தேயிலையைப் பற்றிய பட்டம் கிடைப்பதற்கு அதுவரை காத்திருந்தோம். பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டு அரசு 2022 மார்ச் 1ஆந் திகதி ‘நான் முதல்வன்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, கல்லூரி மாணவர்க்கான திறன் பயிற்சியைப் பாடத்திட்டத்துக்கு உள்ளேயே, கட்டணமின்றிச் சேர்த்தது.

இவற்றிலிருந்து பெறும் படிப்பினை ஒன்றே. பட்டத்துக்கு வெளியே ஒட்டி வைத்த திறன், திட்டப் பணம் முடிந்ததும் உதிர்ந்துவிடும். பட்டத்துக்கு உள்ளே வைத்த திறனே நிலைக்கும். மாலை நேரத்தில் விரும்பியோர் வரலாம் என்று நடத்தும் வகுப்புக்கு, ஏற்கெனவே ஆங்கிலம் அறிந்தவனே துணிந்து வருவான். அறியாதவன் வெட்கத்தால் அறையிலேயே இருந்து விடுவான். கொத்மலை அணையைக் காண்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். 1979இல் தொடங்கி 1985இல் முடிவுற்ற அந்த வேலையில், அணையோடு சுரங்கவழியும் நிலத்தடி மின்னிலையமும் ஒரே திட்டத்தில் அமைந்தன. தேங்கி நிற்கும் நீர் தானாக மின்சாரம் ஆவதில்லை. சுரங்கவழி இறங்கிச் சுழலியை அடைய வேண்டும். அணையை இப்போது கட்டுவோம், சுழலியைக் கடன் கிடைத்தாற் பார்ப்போம் என்று எந்தப் பொறியியலாளனும் சொல்லமாட்டான். கல்வியில் மட்டும் அதனையே சொல்லி வருகிறோம்.

மலைப் பிள்ளைகளுக்கு இவை எட்டுமா என்று கேட்போருக்கும் கொத்மலையிலேயே விடை உண்டு. இங்கு 1989இல் சமுதாய வானொலி தொடங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு அந்நிலையத்துக்கு இணைய வசதி வந்தது. இணையம் என்ற சொல்லையே நாட்டிற் பலர் கேட்டிராத காலம் அது. நேயர்கள் அனுப்பிய வினாக்களுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி வானொலியில் விளக்கினார்கள். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் மக்கள் கணினியைத் தொட்டுப் பழக இடம் அமைந்தது. உலகின் பல பாகங்களில் இருந்து ஆய்வாளர்கள் வந்து பார்த்துச் சென்றார்கள். அங்கே கருவியோடு கற்பிக்கும் ஆளையும் சேர்த்துக் கொடுத்தார்கள், அவ்வளவே. ஆளின்றிக் கருவியை மட்டும் அனுப்பினால் அது அலுமாரிக்குள் உறங்கும்.

மொழியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2007 யூலை முதல் அரச சேவையிற் புதிதாகச் சேர்வோர் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சட்டம் இவ்வளவு சொல்லியும், தோட்டத்துத் தாய் ஒருத்தி பிறப்புச் சான்றிதழுக்கோ காணி விடயத்துக்கோ கந்தோருக்குப் போனால், அவள் சொல்வதைக் கேட்டுத் தமிழில் எழுதித் தர ஆள் இல்லை என்ற நிலை பல இடங்களில் தீரவில்லை. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதனை நடத்தி வைக்கும் கை இல்லை. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்த பட்டதாரி ஒருவன் அந்த மேசையில் அமர்ந்தால், அவனுக்கு உத்தியோகம், அவளுக்கு உரிமை. வேலைத்திறன் என்பது மாணவனின் பிழைப்பு மாத்திரம் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

கமக்காரரும் தம்மைப் புறம்பானவராக எண்ண வேண்டா. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் தடை தளர்ந்தது. ஆயினும் கேடு தங்கியது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகச் சரிந்தது. அந்நாட்களில், தம் மண்ணுக்கு என்ன செய்யலாம் என்று தமிழிற் சொல்லவும், தம் நட்டத்தைக் கணக்கிட்டு அரசாங்கத்துக்கு எழுதவும் வல்ல படித்த பிள்ளைகள் ஊருக்கு ஒருவர் இருந்திருந்தால் எத்துணை உதவியாயிருந்திருக்கும்! தலவாக்கொல்லையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் அறிவு பாத்திவரை வந்து சேர இடையில் ஆள் வேண்டும். அந்த ஆள் எமது பிள்ளையாக இருக்கலாம், பயிற்சி கொடுத்தால்.

ஆதலால் நாம் கேட்பவை இவை.

ஒன்று: எழுதுதல், பேசுதல், கணினி, கணக்கு ஆகிய பயிற்சிகள் முதலாம் ஆண்டு தொடக்கம் ஒவ்வொரு பட்டத்தின் உள்ளேயும், புள்ளிகளோடு, பாட நேரத்திலேயே, கட்டணமின்றிக் கற்பிக்கப்படல் வேண்டும்.

இரண்டு: தமிழ் மாணவர்க்குச் சிங்களமும் ஆங்கிலமும், சிங்கள மாணவர்க்குத் தமிழும் ஆங்கிலமும், அலுவலில் எழுதும் அளவுக்குக் கற்பித்தல் வேண்டும். இருமொழிப் பிரிவுகளின் வெற்றிடங்கள் அத்தகையோரைக் கொண்டு நிரப்பப்படல் வேண்டும்.

மூன்று: கலைப்பீட மாணவர் உட்பட அனைவருக்கும் ஆறு மாதமேனும் களப்பயிற்சி வேண்டும், பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஆராய்ச்சி நிலையத்திலும் கம்பனியிலும் இடம் ஒதுக்கல் வேண்டும். அதற்கு உதவிப் பணமும் வேண்டும். ஊதியமின்றி ஆறு மாதம் கொழும்பில் தங்கி வேலை பழகக் கொழுந்துக் கூடையை நம்பி வாழும் வீட்டுப் பிள்ளையால் இயலாது. உதவிப் பணமில்லாத பயிற்சி, முதுசம் உள்ளவனுக்கே இன்னொரு முதுசமாய் முடியும்.

நான்கு: 1992இல் தனியார் முகாமைக்குச் சென்ற பெருந்தோட்டக் கம்பனிகள், தம் உத்தியோகத்தர், முகாமையாளர் பதவிகளுக்குப் பயிலுநர் எடுக்கும்போது தமிழிலும் பகிரங்கமாக விளம்பரம் செய்தல் வேண்டும். எந்தத் தோட்டத்திற் பெற்றார் உழைத்தார்களோ அந்தத் தோட்டத்தின் கந்தோர்க் கதவு அப்பிள்ளைக்கு மூடியிருத்தல் தகாது.

ஐந்து: மலையகத்துக்கென ஒரு பல்கலைக் கழகம் வேண்டுமென்ற நெடுங்காலக் கோரிக்கை நிறைவேறும்போது, மேற்கூறியவை அதன் அத்திவாரத்திலேயே இடப்படல் வேண்டும்; கட்டடம் எழுந்த பின் பூசும் சாந்தாக அன்று.

அரசாங்கத்திடம் கேட்பதோடு எமது கடமை தீர்ந்ததாகாது. இதனைப் படிக்கும் சட்டத்தரணிகளே, வைத்தியர்களே, கணக்காளர்களே, ஆசிரியர்களே! உங்கள் பிள்ளைக்கு நீங்கள் வீட்டிற் கொடுக்கும் அந்த முதுசத்தில் ஒரு பங்கை அயலான் பிள்ளைக்குக் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு மாணவனையோ மாணவியையோ உங்கள் கந்தோரில் சில வாரம் இருத்துங்கள். ஒரு விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுங்கள். ஒரு நேர்முகப் பரீட்சைக்கு ஒத்திகை பாருங்கள். பணத்தால் ஆகாத உதவி இது. கொடுப்பதாற் குறையாத செல்வமும் இதுவே. கமக்காரப் பெருமக்களே! விவசாயம் படிக்கும் பிள்ளைகளை உங்கள் பாத்திகளுக்கு அழையுங்கள். உங்கள் கணக்கை அவர்கள் எழுதட்டும், அவர்கள் அறியாததை உங்களிடம் கற்கட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் தகரமும் சீமெந்தும் கேட்டது போதும். பிள்ளைகளின் பயிற்சிக்கு என்ன செய்தாய் என்று கேளுங்கள்.

எமது முன்னோர் இம்மலைகளைக் காடழித்துத் தோட்டமாக்கினர். அவர்களுடைய உழைப்புக்கு உறுதியும் எழுதப்படவில்லை, பங்கும் கொடுக்கப்படவில்லை. அவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று பட்டத்தோடு வருகிறார்கள். அப்பட்டம் சுவரில் மாட்டிய படமாய் முடிவதா, ஒரு குடும்பத்தைத் தலைநிமிர்த்தும் கருவியாய் அமைவதா என்பது அப்பிள்ளைகளின் கையில் மட்டும் இல்லை. பட்டத்தைக் கொடுப்பவர்கள் அதனைப் பயன்படுத்தும் வகையையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். அக்கடமையை அவர்கள் நிறைவேற்றும் வரை நாம் கேட்டுக் கொண்டே இருப்போம்.